கடதாசியில் இருக்கும் மூன்றாம் இலக்கம்



சென்ற இதழில் நீரிழிவு பற்றி எழுதியதை வாசித்துச் சிலர் கடிதம் போட்டிருந்தீர்கள். நன்றி. அவற்றுள் ஒரு கடிதம் நீரிழிவு பற்றியதல்ல. புறநகரில் வசிக்கும் ஒரு சகோதரி, தன் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவருடைய கணவரின் இரத்தத்தைச் சோதித்தபோது 'எப்பத்தித் சே' இருப்பது தெரியவந்ததாம். அடுத்து வந்த கடதாசியில் 'ஜெனோத்திப் 3ஏ' என்று இருந்ததாம். அதைப் பார்த்த உறவினர் ஒருவர், "இது தூள் அடிக்கிற ஆக்களுக்கு வாற வகை, நான் வாசிச்சனான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. கணவர் கோயிலுக்கு வரவும் கூச்சப்படுகிறார். "அந்த மூன்று என்றால் என்ன? அது உண்மையிலேயே அப்படித்தானா?" என்று சகோதரி கேட்கிறார்.

நான் ஓ.எல். வரை படித்து, இங்கு பொதி கட்டும் பக்ரறி ஒன்றில் வேலை செய்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். மருந்து எழுதித் தர என்னால் முடியாது. ஆனால் அந்த இலக்கத்தின் கதையைத் தேடி வாசித்திருக்கிறேன். இந்த முறை பத்தி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

எப்பத்தித் சே என்று பிரெஞ்சுக்காரர் சொல்வது ஹெப்பற்றைட்டிஸ் சி. ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ் கிருமி. ஊரில் கண் மஞ்சளாகிச் சோறு இறங்காமல் கிடந்தால் செங்கண்மாரி என்று சொல்லிக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிக்கக் கொடுப்போமே, அந்த வருத்தத்துக்குப் பல காரணங்கள் உண்டு. தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவுவது ஏ. இரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுவது பி. சி கிருமி முக்கியமாக இரத்தத்தால் பரவுவது. அது கண்ணை மஞ்சளாக்காமலே இருபது முப்பது வருடம் ஈரலுக்குள் இருந்து மெல்ல மெல்ல அரிக்கும். ஈரல் கல்லுப்போல இறுகிய பிறகே பலருக்கு விசயம் தெரியவரும்.

இந்தக் கிருமிக்கு முதலில் பெயரே இருக்கவில்லை. 1970களில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் ஹார்வி ஆல்ட்டர் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும், இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு ஏன் ஈரல் வருத்தம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பி கிருமி உள்ள இரத்தத்தை ஒதுக்கிய பிறகும் வருத்தம் வந்தது. ஏ கிருமியும் இல்லை. அதனால் அதற்கு 'ஏயும் அல்லாத பியும் அல்லாத' வருத்தம் என்று பெயர் வைத்தார்கள். இப்படிப் பெயர் இல்லாமலே பதினைந்து வருடத்துக்குக் கிட்ட ஓடியது. மைக்குறோஸ்கோப்பில் அது அகப்படவில்லை, ஆய்வுகூடத்தில் வளர்க்கவும் முடியவில்லை.

1989இல் கலிபோர்னியாவில் கைரன் என்ற கொம்பனியில் மைக்கல் ஹௌட்டன், கூ-லிம் சூ, ஜோர்ஜ் குவோ ஆகிய மூவரும், அரச நோய்த் தடுப்பு நிலையத்தைச் சேர்ந்த டானியல் பிறட்லியும் சேர்ந்து அதைப் பிடித்தார்கள். பிடித்த விதம் புதுமையானது. கிருமியைக் காணாமலே அதன் எழுத்தைப் பிடித்தார்கள். வருத்தம் பிடித்த சிம்பன்சிக் குரங்கின் இரத்தத்தில் இருந்த மரபுப் பொருள் எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பிரதி எடுத்து, பக்ரீரியாக்களுக்குள் புகுத்தி, இலட்சக் கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எந்தத் துண்டை நோயாளியின் இரத்தம் 'எனக்கு இவனைத் தெரியும்' என்று அடையாளம் காட்டுகிறது என்று பார்த்தார்கள். ஒரே ஒரு துண்டு அகப்பட்டது. அதற்கு 5-1-1 என்று இலக்கம். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் இழுத்தெடுத்தார்கள். 1990 மார்ச்சில் பிரான்சில் தானம் கொடுக்கும் இரத்தம் எல்லாவற்றையும் இந்தக் கிருமிக்காகச் சோதிக்கத் தொடங்கினார்கள். கிருமியைக் கண்டுபிடிப்பதற்கு முன் உலகத்தில் எங்கு இரத்தம் ஏற்றினாலும் அதில் இது இருக்கிறதா என்று அறிய வழியே இருக்கவில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

இடையில் ஒரு விசயம். 2020இல் இந்தக் கண்டுபிடிப்புக்கு ஆல்ட்டர், ஹௌட்டன், சார்ள்ஸ் றைஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு ஏழு வருடம் முன்னர், 2013இல், கனடாவின் பெரிய பரிசு ஒன்றை ஹௌட்டன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சூவையும் குவோவையும் விட்டுவிட்டுத் தான் அதை ஏற்பது நியாயமில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஒரே மேசையில் நின்று வேலை செய்பவர்களுக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போகாது.

சரி, எழுத்துக்கு வருவோம். எங்களுக்கு 247 எழுத்து. இந்தக் கிருமிக்கு நாலே நாலு. ஏ, யூ, ஜீ, சீ. அந்த நாலும் மாறி மாறி ஏறத்தாழ 9,600 எழுத்து நீளத்துக்கு ஒரே வரியாக எழுதப்பட்டிருக்கின்றன. நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தப் பத்தியின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதனின் எழுத்து 300 கோடி. இவ்வளவு சின்ன எழுத்து அவ்வளவு பெரிய எழுத்தை வீழ்த்துகிறது.

ஈரலுக்குள் போனதும் இந்த வரியைப் பார்த்துப் படியெடுக்க ஒரு நொதியம் இருக்கிறது. அது வேகமானது, ஆனால் கவனமில்லாதது. எமது சஞ்சிகையில் அச்சுக்குப் போகமுன் ஒருவர் புறூவ் பார்க்கிறார் அல்லவா, அதுபோல எங்கள் உடம்பின் கலங்களில் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. இந்தக் கிருமிக்கு அது கிடையாது. வருத்தமுள்ள ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இலட்சம் கோடி கிருமிகள் உண்டாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பிரதியிலும் எழுத்துப் பிழை. பெரும்பாலான பிழைகள் கிருமியையே கெடுத்துவிடும். சில பிழைகள் தப்பிப் பிழைத்து அடுத்த பிரதிக்குப் போகும். உடம்பின் காவல் ஒரு முகத்தை அடையாளம் கண்டு பிடிக்க வரும்போது, கிருமி வேறு முகத்தோடு நிற்கும். இன்றுவரை இதற்குத் தடுப்பூசி இல்லாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

நூற்றாண்டுக் கணக்காக இப்படிப் பிழை சேர்ந்து சேர்ந்து, ஒவ்வொரு ஊரில் இருந்த கிருமியும் ஒவ்வொரு விதமாகிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் யப்பானில் ஒரு குழு, அமெரிக்காவில் ஒரு குழு, ஐரோப்பாவில் சில குழுக்கள் என்று ஒவ்வொருவரும் தத்தமது நோயாளிகளிடம் கண்டதற்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். ஒருவர் இரண்டு என்றதை மற்றவர் ஒன்று என்றார். எங்களில் பலருக்கு ஒரு கடதாசியில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும், இன்னொரு கடதாசியில் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகவும் இருக்கும் குழப்பம் மாதிரித்தான். எடின்பரோவைச் சேர்ந்த பீற்றர் சிமண்ட்ஸ் எல்லா எழுத்துக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஒரு குடும்ப மரம் வரைந்தார். அதில் ஆறு பெரிய கிளைகள் தெரிந்தன. 1994இல் பல நாட்டு ஆராய்ச்சியாளரும் அந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கிளைகள்தான் ஜெனோத்திப். தமிழில் மரபு வகை என்று சொல்லலாம். ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் இடையில் 100 எழுத்தை ஒப்பிட்டால் ஏறத்தாழ 30 எழுத்து வேறாக இருக்கும். ஒரே வகைக்குள் 15 முதல் 25 எழுத்து வரை வேறுபட்டால் அது உப வகை, அதற்குத்தான் ஏ, பி, சி என்று பின்னால் ஒரு எழுத்து. ஆகவே 3ஏ என்றால் மூன்றாம் கிளையில் முதலில் பெயர் வைக்கப்பட்ட சிறு கொப்பு. இந்த இலக்கத்தில் கடுமை, இலேசு என்ற வரிசை இல்லை. ஒன்று நல்லது, ஆறு மோசம் என்று நினைக்கவேண்டாம்.

இனி இந்த இலக்கத்தால் என்ன பயன் என்று பார்ப்போம். எங்கள் பக்ரறியில் ஒவ்வொரு பெட்டியிலும் லொட் இலக்கம் அடிப்போம். கடையில் ஒரு பெட்டி பழுதென்று திரும்பி வந்தால், அந்த இலக்கத்தைப் பார்த்து எந்த மெஷினில், எந்த நாள் அடித்தது என்று சொல்லலாம். வைரஸின் எழுத்தும் அப்படி உதவுகிறது. அது வந்த பாதையைக் காட்டும்.

எகிப்து நாட்டின் கதையைப் பாருங்கள். நைல் நதிக் கரையில் பில்ஹார்சியா என்ற புழு வருத்தம் விவசாயிகளைப் பரம்பரையாக வாட்டியது. 1950களிலிருந்து 1980கள் வரை அரசாங்கம் கிராமம் கிராமமாகப் போய் ஊசி மருந்து போட்டது. ஒருவருக்கு ஒரு தடவையோடு முடியாது, பல ஊசி. கண்ணாடிச் சிறிஞ்சைச் சரியாக அவிக்காமல் அடுத்தவருக்கும் போட்டார்கள். புழுவைக் கொல்லப் போன ஊசி இந்தக் கிருமியை ஊர் ஊராக விதைத்துவிட்டது. அப்போது அதன் பெயரும் யாருக்கும் தெரியாது. பிறகு எழுத்துக்களை ஒப்பிட்டபோது, எகிப்தில் பெரும்பாலும் ஒரே வகை, 4ஏ, ஒரே காலத்தில் வெடித்துப் பரவியிருப்பது தெரிந்தது. 2008இல் எடுத்த கணக்கில் அங்கு 15 வயது முதல் 59 வயது வரையானவர்களில் 100க்கு ஏறத்தாழ 15 பேரின் இரத்தத்தில் இதன் அடையாளம் இருந்தது. அந்த நாடே பிறகு செய்த வேலையையும் சொல்லவேண்டும். 2018இல் தொடங்கி ஏழு மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைச் சோதித்து, கிருமி இருந்தவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம் அதற்காக எகிப்தைப் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தது.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, பிரான்சிலேயே ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகை தென்னாபிரிக்காவில் காணப்படுவது. ஆனால் கிளேர்மோன் பெரோன் பக்கத்துக் கிராமங்களில், தென்னாபிரிக்காவைக் கண்ணாலும் காணாத வயதான பிரெஞ்சுக்காரர் பலரிடம் அதே ஐந்தாம் வகை இருந்தது. ஆராய்ந்து பார்த்ததில் பழைய காலத்து ஊசிகளும் இரத்தம் ஏற்றியதுமே அங்கு அதைப் பரப்பிய பாதைகளாகத் தெரிந்தன.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அந்த உறவினர் வாசித்தது பொய்யல்ல. பாரிஸுக்குப் பக்கத்தில் கிறெத்தெயில், மெட்ரோ எட்டாம் இலக்கத்தில் போனால் லேஷா நிறுத்தத்தில் ஒன்றி மொந்தோர் வைத்தியசாலை இருக்கிறது. அங்கு ஜான்-மிஷேல் பாவ்லோட்ஸ்கி என்பவரின் குழு 1995இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டது. இங்குள்ள நோயாளிகளில் இரத்தம் ஏற்றியதால் வருத்தம் பிடித்தவர்களிடம் 1பி கூடுதலாகவும், போதை ஊசியால் பிடித்தவர்களிடம் 3ஏ கூடுதலாகவும் இருந்தது. ஐரோப்பாவில் அது உண்மை. இங்கு 3ஏ பரவிய பாதை பெரும்பாலும் அதுதான்.

ஆனால் மூன்றாம் வகையின் பழைய வீடு எது? இந்தியா, பாகிஸ்தான் பக்கம். அதன் உப வகைகள் அதிகமாகக் கலந்து கிடப்பது தென்னாசியாவில்தான், அதனால் அது அங்கு வெகு காலமாக இருக்கிறது என்று கொள்கிறார்கள். எங்கள் ஆட்கள் பலரும் வைத்தியத்துக்குப் போய்வரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், பத்து வருடமாக வந்த நோயாளிகளின் கிருமிகளை வகை பிரித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அரைவாசிக்கு மேல் மூன்றாம் வகை. அடுத்தது ஒன்றாம் வகை. நாலும் ஆறும் சிறு அளவில்.  தென்னாசியாவில் ஊசியை மாற்றாமல் போடும் கிளினிக், பல்லுப் பிடுங்கும் கொறடு, சலூனில் ஒரே பிளேட், சோதிக்காத இரத்தம் என்று பாதைகள் பல. இலங்கையில் இந்தக் கிருமி இந்த இரண்டு நாடுகளை விடவும் குறைவு. ஆனால் எங்களில் எத்தனை பேர் சண்டை நடந்த காலத்தில் காயப்பட்டு, யார் கொடுத்தது என்று தெரியாத இரத்தத்தில் உயிர் தப்பினோம்? எத்தனை பேர் வழியில் நாலு நாடு கடந்து, பெயர் தெரியாத ஊர்களில் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்?

ஆகவே 3ஏ என்ற இலக்கத்தைப் பார்த்து ஒரு தமிழரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பாவ்லோட்ஸ்கி எண்ணியது கூட்டத்தை. நூறு பேரை நிறுத்தினால் தெரியும் கணக்கு, ஒரு ஆளைத் தனியே நிறுத்தினால் தெரியாது. லொட் இலக்கம் பெட்டி வந்த மெஷினைக் காட்டும், பெட்டியை வாங்கியவரின் குணத்தைக் காட்டாது. போதை ஊசி போட்டு வருத்தம் பிடித்தவருக்கும் வைத்தியம் வேண்டும் என்பது வேறு விசயம். அவரையும் ஒதுக்க எங்களுக்கு உரிமை இல்லை. அந்த உறவினர் இதை வாசிப்பார் என்றுதான் நினைக்கிறேன். லாச்சப்பலில் இந்தப் புத்தகம் போகாத கடை இல்லை.

வீட்டுக்காரர் பயப்பட வேண்டியதும் அவ்வளவு இல்லை. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், பிள்ளையைக் கொஞ்சுவதால் இது தொற்றாது. சவரக் கத்தி, பல்லுத் தூரிகை, நகம் வெட்டி ஆகியவற்றைத் தனியாக வைத்திருந்தால் போதும். தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போவது 100க்கு ஏறத்தாழ 5.

வைத்தியத்தில் இந்த இலக்கத்துக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது. இன்ரபெரோன் ஊசியும் ரிபாவிரின் குளிசையும் கொடுத்த நாட்களில், ஒன்றாம் வகைக்காரர் 48 வாரம் காய்ச்சலும் மனச் சோர்வுமாகக் கிடந்தும் அரைவாசிப் பேருக்குத்தான் சுகம் வந்தது. இரண்டும் மூன்றும் 24 வாரத்தில் பெரும்பாலும் சுகம். 2014இல் சொபோஸ்புவிர் என்ற குளிசை வந்தது. படியெடுக்கும் நொதியத்துக்குப் போலி எழுத்து ஒன்றைக் கொடுத்து, வரியை நடுவில் நிறுத்திவிடும் மருந்து. 12 வாரத்துக்கு பிரான்சில் 41,000 யூரோ விலை. அதனால் முதலில் ஈரல் கூடுதலாகப் பழுதானவர்களுக்கே கொடுத்தார்கள், 2016இலிருந்துதான் எல்லோருக்கும் என்று ஆனது. வேடிக்கை என்னவென்றால், ஊசிக் காலத்தில் இலேசானது என்று பெயர் வாங்கிய மூன்றாம் வகை, முதல் வந்த குளிசைகளுக்கு மற்றவற்றை விடக் கொஞ்சம் கடினமாக நின்றது. இப்போதுள்ள எப்குளூசா, மவிரே போன்ற குளிசைகள் எல்லா வகைக்கும் கேட்பவை. 8 வாரம் அல்லது 12 வாரம். 100க்கு 95 பேருக்கு மேல் முழுச் சுகம். அதனால் இன்று சாதாரண நோயாளிக்கு மருந்து தொடங்க ஜெனோத்திப் பார்ப்பதே கட்டாயமில்லை.

ஆனால் ஆராய்ச்சி நிற்கவில்லை. ஆறாக இருந்த கிளைகள் இப்போது எட்டு. ஏழாவதைக் கண்டது கொங்கோவிலிருந்து கனடாவுக்குப் போனவர்களின் இரத்தத்தில். எட்டாவதைக் கண்டது 2018இல், பஞ்சாபிலிருந்து கனடாவுக்குக் குடிபோன நாலு பேரின் இரத்தத்தில். இரண்டும் எங்களைப்போல நாடு விட்டு நாடு வந்தவர்கள் வைத்தியரிடம் போனதால் தெரியவந்தவை. கிறெத்தெயில் அதே குழுவினர் 2019இல், ஆபிரிக்காவின் சில பகுதிகளில் காணப்படும் 4ஆர் என்ற உப வகை குளிசைக்கு அடிக்கடி தப்பிவிடுகிறது என்று காட்டினார்கள். எங்கள் பக்கத்து மூன்றாம் வகையிலும் 3பி என்ற உப வகை மற்றதை விடப் பிடிவாதமானது. முதல் தடவை மருந்து கேட்காமல் போனால், எழுத்தை முழுதாக வாசித்து வேறு சேர்க்கை கொடுப்பார்கள்.

சோதிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: குடும்ப வைத்தியரிடம் 'எப்பத்தித் சே' என்று சொல்லி ஓர்தொனான்ஸ் கேளுங்கள். பெயர் கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு செஜித் என்ற நிலையங்களில் இலவசமாகச் சோதிப்பார்கள். விசா இல்லாதவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆ.எம்.ஊ. என்ற அரச மருத்துவ உதவி உண்டு. கார்த் வித்தால் உள்ளவருக்கு இந்த வருத்தம் நீண்டகால நோயாக ஏற்கப்பட்டால் அதற்கான செலவு 100 வீதம் கிடைக்கும். பிரான்சில் முந்திய காலத்தில் ஏற்றிய இரத்தத்தால் வந்தது என்று நம்பக் காரணம் காட்ட முடிந்தவர்களுக்கு, 2002 மார்ச் 4ஆம் திகதிச் சட்டப்படி, சந்தேகம் இருந்தால் நோயாளிக்குச் சாதகமாகவே தீர்ப்பார்கள். ஆகவே பழைய வைத்தியசாலைக் கடதாசிகளை எறியவேண்டாம்.

கடைசியாக, இரண்டு சோதனைக்கும் உள்ள வித்தியாசம். முதல் சோதனை உடம்பு கிருமியை எப்போதாவது சந்தித்ததா என்று மட்டும் சொல்லும். சந்தித்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது தானாகவே போய்விடும். ஆனாலும் சோதனை 'பொசித்தீவ்' என்றே காட்டும். கிருமி இப்போது இருக்கிறதா என்று சொல்வது இரண்டாவது, கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன பி.சி.ஆர். மருந்து முடித்து 12 வாரம் கழித்து அந்த பி.சி.ஆரில் ஒன்றும் இல்லை என்று வந்தால் சுகம். முதல் சோதனை அதன் பிறகும் ஆயுள் முழுவதும் பொசித்தீவ் என்றே வரும், அதைப் பார்த்துத் திரும்பவும் பயப்படவேண்டாம். ஆனால் ஒரு தடவை சுகமானவருக்கு இன்னொரு ஊசியால் இன்னொரு தடவை வரலாம். ஈரல் ஏற்கெனவே இறுகியிருந்தால் கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கான் எடுக்கச் சொல்வார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.